வெங்காய வாசத்துக்கு அடியில்

வண்டியை நிறுத்துவதற்குள் மாமா மறுபடியும் சொல்லிவிட்டார்.

"உள்ளே என்ன கேஸ் இருக்கு, எங்கே ஒழுகுது. இது ரெண்டை மட்டும் பாரு. விலை கேட்டா மாமா வருவாருன்னு சொல்லு. புது ரூல் பத்திக் கேட்டாலும் மாமா வருவாருன்னு சொல்லு."

"சரிங்க மாமா."

"நீ பேசறது எதிர்ல நிக்கறவருக்கே கேக்காது சஃபியா. ஒரு வகையில எனக்கு அது நிம்மதிதான்."

சிரித்தபடி என்னைத் தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பு வாசலில் இறக்கிவிட்டு, நரசிபுரத்தில் இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

கோயமுத்தூர் உக்கடத்தில் முஸ்தபா மாமாவுக்குக் கோல்டு ரூம், ஐஸ் பெட்டி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். இன்டர்வியூக்களில் நான் சொன்ன பதில்கள் சரியாகவே இருந்தன. யார் காதிலும் விழவில்லை. கடைக்குப் புதிதாக வாங்கிய கருவியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று மாமா கூப்பிட்டார். குழாயில் மாட்டினால் உள்ளே ஓடுவது என்ன கேஸ், எவ்வளவு சதவீதம் என்று அது திரையில் காட்டும்.

அதற்கு இப்போது வேலை அதிகம். பழைய மிஷின்களில் ஓடும் ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். அதன் இடத்துக்கு வந்த பல கேஸ்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்று அவற்றையும் குறைக்கச் சொல்கிறார்கள். காய்கறி வாங்கும் சூப்பர் மார்க்கெட்காரர்கள், உங்கள் குளிர் அறையில் என்ன கேஸ் என்று சப்ளை செய்கிறவர்களைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பலர் பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். இந்தத் தோப்புக்காரர் செங்கோடன் ஒருவர்தான் மாமாவிடம், எல்லாவற்றையும் புதுசாக மாற்றிவிடலாம் என்று சொன்னவர். அவரிடம் செய்து காட்டினால் மற்றவர்களையும் தைரியமாகக் கேட்கலாம் என்று மாமா ஒரு வாரமாகச் சந்தோஷமாக இருந்தார்.

செங்கோடன் கேட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் டெஸ்டர்.

"வாங்க அம்மணி. மாமா வரலீங்களா?"

"பின்னாடி வருவாருங்க."

"என்னங்க?"

"பின்னாடி வருவாரு."

"ஆகட்டுங். இன்னைக்கு நம்ம லைன்ல கரண்ட் இல்லீங்க. மாசாந்திர ஷட்டவுன். காலையிலயே போயிருச்சு, ரெண்டு மணிக்குத்தான் வரும். நீங்க கருவியை மாட்டிப் போட்டுச் சொல்லுங்க, ஜெனரேட்டரைப் போட்டு உடறேன். மிஷின் ஓடுனாத்தானுங்களே நீங்க பாக்க முடியும்?"

தலையாட்டினேன்.

அவர் நடந்துகொண்டே பேசினார். இது சின்ன வெங்காயம் உரிக்கும் இடம். உரித்த வெங்காயத்தைப் பாக்கெட் போட்டு கோயமுத்தூருக்கு அனுப்புகிறார். கரண்ட் இல்லாததால் ரூம் கதவைத் திறக்காமல் குளிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். சாயங்காலம் லோடு போக வேண்டும்.

"ரூல் வரட்டும்னு நான் உக்காந்துக்கிட்டு இருக்கறதில்லீங்க. நாமெல்லாம் முன்னாடியே ரெடி. உங்க மாமா வந்து பாத்து ஆச்சரியப்படோணும்."

எதற்கு ரெடி என்று கேட்டிருக்கலாம். கேள்வி நாக்கு வரை வந்தது. அதற்குள் குளிர் அறை வந்துவிட்டது. அவர் கனமான கதவைத் திறந்து, "சீக்கிரம் போயிட்டு வாங்க, குளிர் போயிரும்" என்று என்னை உள்ளே விட்டுச் சாத்தினார்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு எமர்ஜென்சி லைட். அதன் வெளிச்சத்தில் தோல்கள் செதில் செதிலாக மின்னின. கோல்டு ரூமுக்குள் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"குளிருலே உரிச்சா கண்ணெரியாது கண்ணு" என்றார் ஒரு பெரியம்மா, நான் கேட்காமலே. செல்லாத்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. இந்தப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. "நீ யாரு, ஃபேனுக்கு வந்தவளா?"

"கேஸ் பாக்கறதுக்கு..."

"என்னது?"

"கேஸ் பாக்கங்க."

"ஏனுங்கக்கா, டாக்டரம்மா மாதிரி இருக்குது. ரூமுக்கு ஊசி போட வந்திருக்கும்" என்றாள் ஓரத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

"வாயில என்ன கண்ணு கொழுக்கட்டையா? சத்தமாப் பேசு. இங்க யாரும் உன்னையத் தின்னுபோட மாட்டாங்க."

எனக்குக் காது சூடானது. முகத்தை மறைத்துக்கொள்ள, குளிரூட்டும் காயிலுக்கு அடியில் தண்ணீர் வடியும் குழாயைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன். குனிந்ததும் மூக்கில் ஏதோ பட்டது.

வெங்காய வாசம்தான். கதவைத் திறந்ததிலிருந்து அதுதான். ஆனால் கீழே, தரையோடு தரையாக, அதற்குள்ளேயே இன்னொன்று இருந்தது. வெங்காயத்தின் கந்தக வாசம் காரமானது, கண்ணுக்கு ஏறும். இது அழுகல். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வாசம். கோட்டைமேட்டில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா சிலிண்டர் மாற்றும்போது ஒரு நொடி வருமே, அது.

நிமிர்ந்தேன். வாசம் இல்லை. குனிந்தேன். இருந்தது.

"சிலிண்டர் வாசம் வருதுங்களா?" என்று கேட்டேன்.

"என்ன சிலிண்டரு? காலையில இருந்து வெங்காயம்தான் வருது. மூக்குச் செத்துப்போச்சு" என்றார் செல்லாத்தாள். "தலைநோவு வேற. கரண்ட் போனதுல இருந்து இந்த ஃபேன் ஓடாம மூச்சு முட்டுது."

சுற்றிலும் பார்த்தேன். தராசு. அதன் பக்கத்தில், தரையில், பாக்கெட் வாயை ஒட்டும் சீலர் மிஷின். அதன் வயர் சுவரில் கால் முட்டி உயரத்தில் இருந்த பிளக்கில் சொருகியிருந்தது. ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே இருந்தது. மேலே விளக்கின் ஸ்விட்சும் அப்படியே. கரண்ட் வந்ததும் தெரியட்டும் என்று எல்லா வீட்டிலும் விட்டுவைப்பதுபோல.

நினைப்பு மட்டும்தான், என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். குளிர் அறையில் சமையல் கேஸ் எப்படி வரும்?

மிஷின் அறை அதன் பின்புறம். கம்ப்ரசர் மேல் ஆர்-22 என்று பழைய ஸ்டிக்கர். கருவியின் குழாயை மாட்டுவதற்காக வால்வைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஆணியில், குழாய்களை இணைக்கும் ஒரு சின்னப் பித்தளை நிப்பிள் தொங்கியது. புதுசு. லேத்தில் கடைந்த கோடுகள் இன்னும் பளபளத்தன. ஒரு முனை, அழுத்தம் அளக்கும் எங்கள் கேஜ் குழாய்க்குப் பொருந்தும் அளவு. மறு முனை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

கருவியை மாட்டினேன். செங்கோடன் வாசலில் வந்து நின்றார்.

"மாட்டியாச்சுங்களா? அப்ப நான் போயி ஜெனரேட்டரைப் போடறேன்."

தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

திரையில் எழுத்துகள் வந்தன. ஆர்-22 அறுபது சொச்சம். அடுத்த வரியில் ஹைட்ரோகார்பன், முப்பது சொச்சம். கருவி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. எரியும் பொருள் இருந்தால் மட்டும் அது அப்படிக் கத்தும். கடையில் ஒருமுறை லைட்டர் கேஸைக் காட்டிக் கத்தவைத்துப் பார்த்திருக்கிறோம்.

திரும்பினேன். கதவுக்குப் பின்னால், சாக்கைப் போர்த்திக்கொண்டு, சிவப்புச் சிலிண்டர் ஒன்று நின்றது.

அந்த நிப்பிளின் மறு முனை எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

பழைய கேஸ் ஒழுகிக் குறைந்திருக்கிறது. ஒழுகும் ஓட்டையை அடைக்காமல் மேலே சமையல் கேஸை ஏற்றியிருக்கிறார். அதுவும் அதே ஓட்டை வழியாக ஒழுகும். மிஷின் ஓடும்போது குழாயில் அழுத்தம் குறைவு, ஃபேன் காற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கும். காலையிலிருந்து மிஷின் நின்றிருக்கிறது. அழுத்தம் ஏறியிருக்கும். ஃபேன் இல்லை. கதவு மூடியிருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். தரையில் தேங்கும். தரையில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் போட்டால் ஃபேன், விளக்கு, சீலர் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும். ஒரு பொறி போதும்.

மாமாவுக்கு போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

குளிர் அறைக் கதவு இடப்பக்கம், பக்கத்தில். ஜெனரேட்டர் ஷெட் வலப்பக்கம், களத்துக்கு அந்தப் புறம். பெண்களை வெளியே கூப்பிட்டால் அவர்கள் காரணம் கேட்பார்கள், நான் சொல்வது கேட்காது, திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குள் அவர் போட்டுவிடுவார். வலப்பக்கம் ஓடினேன்.

"ஏனுங்க!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். களத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகூடத் திரும்பவில்லை. பாதி வழியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன், ஓடிக்கொண்டே. பின்னாலிருந்து எதுவும் கேட்கவில்லை.

ஷெட்டுக்குள் அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். ஜெனரேட்டர் தானாகக் கரண்ட் கொடுக்காது. சுவரில் பெரிய கைப்பிடி வைத்த சேஞ்ச்ஓவர் பெட்டி இருந்தது. மேலே தள்ளினால் ஈபி, கீழே இழுத்தால் ஜெனரேட்டர். கைப்பிடி நடுவில் இருந்தது. அவர் இன்ஜின் சத்தம் சீராவதற்காகக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைப்பிடிப் பக்கம் வந்தார்.

அவர் கைக்கு முன் என் கை அதன் மேல் இருந்தது.

அவர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் அவர் குரலும் கேட்கவில்லை. அது ஒரு விநோதமான நிம்மதி. இங்கே யாருடைய குரலும் கேட்காது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சிரித்தார், பயந்துவிட்டேன் என்று நினைத்து. என் மணிக்கட்டைத் தொடக் கூச்சப்பட்டு, கைப்பிடியின் நுனியைப் பிடித்தார். அவருடைய பலத்துக்கு என் கை எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்கினாலும் இங்கேயே நின்றுகொண்டிருந்தால் அவர்களை வெளியே கொண்டுவருவது யார்?

கைப்பிடி நடுவில் இருக்கும்வரை அதற்குக் கீழே எதிலும் கரண்ட் இல்லை. கீழே மூன்று ஃபியூஸ் வரிசையாக இருந்தன. பீங்கான். இடது கையால் ஒன்றைப் பிடுங்கினேன். இரண்டாவது. மூன்றாவது இறுகியிருந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். வந்துவிட்டது. மூன்றையும் துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவர் என் பின்னால் ஓடிவரவில்லை. திகைத்துப்போய் நின்றிருப்பார். ஒரு பெண் ஃபியூஸைத் திருடிக்கொண்டு ஓடுவதைத் தன் அறுபது வயதில் முதல்முறை பார்க்கிறார்.

குளிர் அறைக் கதவை முழுக்கத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தேன்.

"வெளிய வாங்க" என்றேன். "எல்லாரும் வெளிய வாங்க."

"குளிர் போகுது, கதவைச் சாத்து கண்ணு!"

"சமையல் கேஸ் ஒழுகுது. தீப்பிடிக்கும். வெளிய வாங்க."

ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் நினைத்ததற்கு மாறாக, உடனே எழுந்துவிட்டார்கள். என் குரல் கேட்டதா, முகத்தைப் பார்த்தார்களா, தெரியாது. கத்தி, அரிவாள்மனை, டிபன் தூக்கு, செருப்பு. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

செல்லாத்தாள் கடைசி. எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்தார். தரையில் இருந்த எமர்ஜென்சி லைட்டின் பொத்தானுக்கு அவர் கை போனது. கடைசியாக வெளியே வருகிறவர் விளக்கை அணைக்க வேண்டும். செங்கோடன் அதை எழுதியே ஒட்டியிருந்தார், கதவில். அந்தப் பொத்தானிலும் பொறி வரலாம்.

எப்படி உள்ளே போனேன் என்று நினைவில்லை. அவர் விரல்களை என் கைக்குள் பிடித்திருந்தேன். ஃபியூஸ்கள் தரையில் விழுந்து உருண்டன.

"தொடாதீங்க."

"லைட்டுதானே கண்ணு."

"எரியட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபியூஸ்களைத் தானே பொறுக்கி என் துப்பட்டாவில் போட்டுவிட்டு, என்னை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

எல்லோரும் தென்னை மரங்களுக்கு அடியில் போய் நின்றோம். ஜெனரேட்டர் சத்தம் நின்றது. செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"என்னங்க அம்மணி இது? கதவு ஏன் தொறந்து கெடக்குது? உள்ள அத்தனை வெங்காயம் இருக்குது, சாயங்காலம் வண்டி வருது!"

"சமையல் கேஸ் ஏத்தியிருக்கீங்க."

"ஆமாங். ஏத்துனேன்." முகத்தில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. "உங்க மாமாதான சொன்னாரு, இனி எல்லாம் புரொப்பேன்தான்னு. நம்ம ஊட்டுச் சிலிண்டர்ல இருக்கறதும் அதுதானுங்களே? கணபதியில லேத்துக்காரன்கிட்டச் சொல்லி ஒரு நிப்பிள் கடைஞ்சு வாங்குனேன். என்ன சில்லுன்னு இருந்துச்சு தெரியுங்களா! ரூல் வாரதுக்குள்ள நான் மாறிட்டேன்."

"அதுக்குன்னு செஞ்ச மிஷின்ல, கொஞ்சமா, ஒழுகாத மாதிரிதான் போடுவாங்க. ஸ்விட்சு, மோட்டாரு எல்லாம் பொறி வெளிய வராத மாதிரி இருக்கும். இது அப்படி இல்லீங்க. இது ஒழுகுது."

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். முழுவதையும், முதலிலிருந்து.

"காலையில கரண்ட் போற வரைக்கும் மிஷின் ஓடுச்சு. நேத்து சீலரை இவங்க எத்தனை தடவை அமுக்கியிருப்பாங்க. ஒண்ணும் ஆகலீங்களே?"

"ஆமா, நேத்தெல்லாம் அமுக்கினமே" என்றாள் என்னை டாக்டரம்மா என்றவள்.

"நேத்து ஃபேன் ஓடுச்சு" என்றேன்.

செல்லாத்தாள் சாக்கை உதறினார். "காலையில இருந்து எங்களுக்குத் தலைநோவுன்னு சொன்னமில்லீங்க? நீங்க வெங்காயம்னீங்க."

"நீயுந்தான வெங்காயம்னே?"

"நான் வெங்காயம் உரிக்கறவ. நீங்கதான சிலிண்டரைச் சொருகுனீங்க."

மாமாவின் வண்டி கேட்டுக்குள் வந்தது. நான் அழைத்ததாகப் போனில் வந்த மெசேஜைப் பார்த்து வந்திருக்கிறார். இறங்கி எல்லோர் முகத்தையும் பார்த்தார். செங்கோடன் அவரைத் தனியாக அழைத்துப் போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். மாமா முதலில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "சின்னப் பொண்ணுங்க, புதுசு" என்று மாமா சொன்னது காதில் விழுந்தது. பிறகு மிஷின் அறைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் அந்தப் பித்தளை நிப்பிள் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நான்தான் சொன்னேன், புரொப்பேன்னு" என்றார் மெதுவாக. "இந்த மனுஷன் இப்படிச் செய்வாருன்னு கனவா கண்டேன்?"

நிப்பிளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஃபியூஸைக் கேக்கறாரு. கதவு தொறந்துதானே இருக்கு, வாசம் போயிடுச்சு, ஜெனரேட்டரைப் போட்டு வெங்காயத்தைக் காப்பாத்திக்கிறேங்கறாரு. லோடு போகலேன்னா அடுத்து நமக்கு வேலையில்லை. நேராவே சொல்லிட்டாரு."

துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தேன்.

"சஃபியா. உண்மையிலேயே வெடிச்சிருக்குமா?"

அதைத்தான் நானும் மரத்தடியில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனது எத்தனை கிலோ, அதில் ஒழுகியது எவ்வளவு, அறையின் நீளம், அகலம், உயரம். அறை முழுக்கச் சீராகப் பரவியிருந்தால், பற்றிக்கொள்ளப் பத்தாது. முட்டி உயரம் வரை மட்டும் தேங்கியிருந்தால் போதும், தாராளமாகப் போதும். கூடவே ஆர்-22 கலந்திருக்கிறது, அது எரியாது, கொஞ்சம் தடுக்கும். எவ்வளவு தடுக்கும்? ஆபத்து வருவதற்கு வெகு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் சமையல் கேஸில் அந்த வாசத்தைச் சேர்க்கிறார்கள். வாசம் வந்ததாலேயே வெடிக்கும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் விடை மாறியது.

"தெரியல மாமா."

"தெரியாமலா இவ்வளவும் செஞ்சே?"

"ஸ்விட்ச் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

மாமா திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளிருந்து குளிர் காற்று தரையோடு வழிந்து வந்தது. கதவருகே கிடந்த வெங்காயத் தோல்கள் மெல்ல நகர்ந்தன. அவர் அங்கே போய், படியில் ஒரு கையை ஊன்றி, தொழுகையில் குனிவதுபோல முகத்தைத் தரைவரை கொண்டுபோனார். சட்டென்று நிமிர்ந்து பின்னால் வந்தார்.

செங்கோடனிடம் போய் நின்றார்.

"ஃபியூஸ் எங்ககிட்டயே இருக்கட்டுங்க. கேஸை முழுசா எடுத்து, ரூமைக் காத்தாட விட்டு, ஒழுகறதை அடைக்கிற வரைக்கும்."

"அப்ப என்ற வெங்காயம்?"

"போனாப் போகட்டுங்க."

"உங்களுக்கென்ன, சொல்லிப் போட்டீங்க."

செங்கோடன் செல்லாத்தாளைப் பார்த்தார். செல்லாத்தாள் பார்வையைத் திருப்பவில்லை. செங்கோடன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தோப்புக்குள் நடந்து போனார். இனி எங்களுக்கு வேலை உண்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

பெண்கள் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். செல்லாத்தாள் ஒரு மூடியில் தக்காளிச் சோறு வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன். கையில் வெங்காய வாசமும் பித்தளை வாசமும் இருந்தன. சாப்பிட முடியவில்லை.

"தின்னு கண்ணு. ஒண்ணும் ஆகல பாரு."

அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னதாலா, எப்படியும் ஆகியிருக்காதா?

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு டிவி பாதி வார்த்தையில் பேச ஆரம்பித்தது. எனக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மடியைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

எங்கள் எதிரில் இருந்த அறை மட்டும் அப்படியே கிடந்தது. உள்ளே தரையில் எமர்ஜென்சி லைட் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி தீரும்வரை எரியும். செல்லாத்தாள் சாப்பிட்டுக்கொண்டே அடிக்கடி அதைத் திரும்பிப் பார்த்தார். அணைக்காமல் வந்தது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.